செய்தியாகாத செந்நீர்

நம் பள்ளிகளில் ஆண்டுதோறும் எழுதப்பெறும் கட்டுரைத் தலைப்புகளுள் 'செய்தித்தாள் வாசிப்பதன் நன்மைகள்' என்பதும் ஒன்று. அத்தலைப்பைக் கண்ட அளவிலேயே மாணவரின் எழுதுகோல் தானாக ஓடத் தொடங்கிவிடும். செய்தித்தாள் சமுதாயத்தின் கண்ணாடி என்று முதற்பத்தி தொடங்கும். கொடுமைகளை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து சமுதாய மாற்றத்திற்கு அது வழிகோலுகிறது என்று இறுதிப்பத்தி முடியும். ஆசிரியரும் அவ்வரிகளுக்கு மகிழ்ந்து மதிப்பெண் வழங்குவார். நானும் மாணவனாக இருந்து அவ்வாறு எழுதியவன்; ஆசிரியனாக இருந்து அவ்வாறு மதிப்பெண் இட்டவன். இன்று அவ்விரு வரிகளையும் மறுத்து எழுத முனைகின்றேன்.

கொடுமையை இதழ்கள் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன என்பதற்கு எடுத்துக்காட்டாக அறிஞர் பலரும் சுட்டும் நாடு அமெரிக்கா. அந்நாட்டுக் கறுப்பின மக்கள் 1950களிலும் 1960களிலும் நடத்திய குடிமையுரிமைப் போராட்டத்தைப் பேசுவோர், பர்மிங்ஹாம் நகரில் சிறுவர்மீது நாய்கள் ஏவப்பட்ட படத்தைச் சொல்வர்; செல்மா நகரத்துப் பாலத்தில் அமைதியாக நடந்தவர்கள் அடித்து வீழ்த்தப்பட்ட காட்சியைச் சொல்வர். படம் வெளிவந்தது, நாட்டின் மனச்சான்று விழித்தது, சட்டம் பிறந்தது என்று கதையை முடித்துவிடுவர். இக்கதை பொய்யன்று. ஆயின் இதில் பாதியே உண்மை. மறுபாதியை மறைத்துக் கற்பித்தால், இதழ் காட்டுவதே கொடுமை, அது காட்டாதது கொடுமையன்று என்னும் பாடத்தை நம் மாணவர் நம்மையறியாமலே நம்மிடம் கற்றுக்கொள்வர்.

என் வாதத்தை முதலிலேயே வெளிப்படையாகக் கூறிவிடுகின்றேன். இனவெறிக் கொடுமையை இதழ்கள் தாமாகக் கண்டு மாற்றத்தை உண்டாக்கவில்லை. கொடுமைக்கு ஆளானவர்களே தம் உடலையும் தம் பிள்ளைகளையும் இதழ்களின் கண்ணெதிரே கொண்டுவந்து நிறுத்தி, அவற்றைப் பார்க்க வைத்தார்கள். அப்பொழுதும் இதழ்கள் எல்லா உயிரையும் ஒன்றாகப் பார்க்கவில்லை.

தீ மூட்டிய ஏடுகள்

கண்ணாடி எதிரே நிற்பதைக் காட்டுமே அன்றி, எதிரே நிற்பவனைத் தாக்கும்படி பிறரைத் தூண்டாது. அமெரிக்கத் தென்மாநிலங்களின் நாளேடுகள் பல அதைச் செய்தன.

வட கரோலினா மாநிலத்தில் வில்மிங்டன் என்றொரு நகர் உண்டு. 1898ஆம் ஆண்டில் அந்நகராட்சியில் கறுப்பினத்தவரும் இடம்பெற்றிருந்தனர். அதைப் பொறாத வெள்ளையர் மேலாண்மைவாதிகளுக்கு வலக்கையாக விளங்கியது, அம்மாநிலத் தலைநகரில் ஜோசபஸ் டேனியல்ஸ் என்பார் நடத்திய 'நியூஸ் அண்ட் அப்சர்வர்' என்னும் நாளேடு. கறுப்பின ஆடவரை வெள்ளைப் பெண்களுக்குத் தீங்கிழைக்கும் அரக்கராகக் காட்டும் செய்திகளையும் கேலிச்சித்திரங்களையும் அது தொடர்ந்து வெளியிட்டது. அவ்வாண்டு நவம்பர் 10ஆம் நாள் படைக்கலம் ஏந்திய கும்பல் எழுந்தது. கறுப்பினத்தவர் நடத்திய 'டெய்லி ரெக்கார்டு' என்னும் ஏட்டின் அலுவலகம் எரிக்கப்பட்டது. கறுப்பின மக்கள் தெருக்களில் சுட்டுக்கொல்லப்பட்டனர். மக்கள் தேர்ந்த நகராட்சி துப்பாக்கி முனையில் கலைக்கப்பட்டது. ஓர் ஏடு எண்ணெய் வார்த்த தீயில் முதலில் வெந்தது மற்றோர் ஏடு என்பதை நாம் மறத்தல் ஆகாது. டேனியல்ஸ் பிற்காலத்தில் அமெரிக்கக் கடற்படை அமைச்சராகவும் உயர்ந்தார். அந்நாளேடு தன் பங்குக்கு மன்னிப்புக் கேட்ட ஆண்டு 2006. இடையில் 108 ஆண்டுகள் கழிந்தன.

கறுப்பினத்தவரை விசாரணையின்றி மரத்தில் தொங்கவிட்டும் உயிரோடு எரித்தும் கொன்ற கும்பற்கொலைகள் அக்காலத்தில் திருவிழாப் போல நடைபெற்றன. 1919 ஜூன் 26ஆம் நாள், மிசிசிப்பி மாநிலத்தின் 'ஜாக்சன் டெய்லி நியூஸ்' ஏடு, எல்லிஸ்வில் என்னும் ஊரில் ஜான் ஹார்ட்ஃபீல்டு என்பவர் அன்று மாலை ஐந்து மணிக்குக் கும்பலால் கொல்லப்படுவார் என்று தலைப்பிட்டுச் செய்தி வெளியிட்டது. கொலை நிகழ்வதற்கு முன்னரே அச்சாகி வந்த செய்தி அது! இறந்தபின் எழுதுவது செய்தி என்பர். இறப்பதற்குமுன் இடமும் நேரமும் குறித்து எழுதுவதற்கு அழைப்பிதழ் என்றல்லவா பெயர்?

1921 மே 31ஆம் நாள் ஓக்லகோமா மாநிலத்து டல்சா நகரில், மின்தூக்கியில் ஒரு வெள்ளைப் பெண்ணைக் கறுப்பின இளைஞன் தாக்கினான் என்று 'டல்சா டிரிபியூன்' ஏடு முதற்பக்கத்தில் எழுதியது. அக்குற்றச்சாட்டு பின்னர்க் கைவிடப்பட்டது. அதற்குள் நடக்கத் தகாதன நடந்து முடிந்துவிட்டன. அன்றிரவு தொடங்கி மறுநாள் வரை, கறுப்பினத்தவர் செல்வாக்கோடு வாழ்ந்த கிரீன்வுட் பகுதியில் 35 தெருத்தொகுதிகள் சாம்பலாயின. இறந்தோர் தொகை 100 முதல் 300 வரை இருக்கலாம் என வரலாற்றாசிரியர் மதிப்பிடுவர். பின்னாளில் அந்நாளேட்டின் பழைய தொகுதியை நுண்படச்சுருளில் பதிவு செய்தபொழுது, அச்செய்தி இருந்த பகுதி கிழித்தெடுக்கப்பட்டிருந்தது. அரசு அமைத்த விசாரணை ஆணையம் 2001இல்தான் தன் அறிக்கையை அளித்தது. எண்பது ஆண்டுக்காலம் அந்நகரின் பள்ளிப்பிள்ளைகள் பலர் இப்படியொன்று நடந்ததென அறியாமலே வளர்ந்தனர். தூண்டிய ஏடு முதலில் பேசியது, பின்னர் ஊமையாயிற்று. இதனைக் கண்ணாடி என்று நாம் எங்ஙனம் அழைப்பது?

தாமே எழுதிக்கொண்ட வரலாறு

அவ்விருளில் ஒளி தந்தவர் எவர்? கொடுமைக்கு ஆளானவர்களே தந்தனர். ஐடா பி. வெல்ஸ் என்னும் பெண்மணியின் பெயரை நம் மாணவர் அறிந்திருத்தல் வேண்டும். அடிமை நிலையில் 1862இல் பிறந்தவர் அவர். ஆசிரியப் பணி புரிந்தவர்; மெம்ஃபிஸ் நகரில் 'ஃப்ரீ ஸ்பீச்' என்னும் ஏட்டின் பங்குடைமையாளராகவும் ஆசிரியராகவும் விளங்கியவர். 1892இல் அந்நகரில் மளிகைக்கடை நடத்திய கறுப்பினத்தார் மூவர் கும்பலால் கொல்லப்பட்டனர். அவருள் ஒருவர் வெல்ஸுக்கு நெருங்கிய நண்பர். பெண்களைக் கெடுத்தவர்களே கும்பலால் கொல்லப்படுகின்றனர் என்று நாடெங்கும் ஏடுகள் எழுதிவந்தன. கடை நடத்தியதும் அதில் வெள்ளைக்காரக் கடையோடு போட்டியிட்டதுமன்றி அம்மூவர் செய்த பிழை யாது என்று வெல்ஸ் ஆராயத் தொடங்கினார். ஊர் ஊராய்ச் சென்று உண்மை திரட்டி எழுதினார். அவர் வெளியூர் சென்றிருந்த வேளையில் கும்பல் அவருடைய அச்சகத்தை அழித்தது. திரும்பினால் உயிர் போகும் என்ற எச்சரிக்கையும் வந்தது. அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. 1895இல் வெளியிட்ட நூலில், வெள்ளையர் ஏடாகிய 'சிகாகோ டிரிபியூன்' தொகுத்த எண்ணிக்கைகளையே எடுத்துக்கொண்டு, அவர்தம் வாயாலேயே அவர்தம் கூற்றைப் பொய்ப்பித்தார். புலிட்சர் பரிசுக் குழு அவருக்குச் சிறப்புப் பாராட்டு வழங்கிய ஆண்டு 2020. அவர் மறைந்ததோ 1931இல்.

அறுபத்து மூன்று ஆண்டுகள் கழித்து மற்றொரு பெண்மணி அதே பணியை வேறு வகையில் செய்தார். சிகாகோவைச் சேர்ந்த எம்மெட் டில் என்னும் பதினான்கு வயதுச் சிறுவன் மிசிசிப்பியிலிருந்த உறவினர் வீட்டுக்குச் சென்றிருந்தான். கடையிலிருந்த வெள்ளைப் பெண்ணிடம் முறைதவறி நடந்தான் என்ற பழியின்பேரில், 1955 ஆகஸ்டு 28ஆம் நாள் கடத்திக் கொல்லப்பட்டான். ஆற்றிலிருந்து எடுக்கப்பட்ட உடல் அடையாளம் காணவியலாத நிலையில் இருந்தது. பேழையை மூடிப் புதைத்துவிடும்படி கூறியவர்களின் சொல்லை அவன் தாய் மேமி ஏற்கவில்லை. தன் மகனுக்கு என்ன செய்தார்கள் என்பதை உலகம் பார்க்கட்டும் என்று பேழையைத் திறந்தே வைத்தார். பல்லாயிரவர் வந்து பார்த்தனர். படத்தை வெளியிட்டவை 'ஜெட்', 'சிகாகோ டிஃபெண்டர்' ஆகிய கறுப்பினத்தவரின் இதழ்களே. நாட்டின் பெரிய ஏடுகள் அதனை வெளியிடவில்லை. கொலையாளிகள் இருவரையும் வெள்ளை ஆடவர் பன்னிருவர் அடங்கிய ஜூரிகள் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் விடுவித்தனர். அடுத்த ஆண்டு சனவரியில் 'லுக்' என்னும் பேரிதழ் அவ்விருவருக்கும் பணம் கொடுத்து, தாமே கொன்றதாக அவர்கள் கூறிய வாக்குமூலத்தை வாங்கி வெளியிட்டது. ஒரே குற்றத்திற்கு இருமுறை விசாரணை கூடாது என்னும் சட்டப் பாதுகாப்பில் கொலையாளிகள் காசும் பெற்றனர். எதையும் விலைபேசாமல் தன் மகனின் சிதைந்த முகத்தை நாட்டின்முன் வைத்தவள் தாய். மனச்சான்றை விழிக்கச்செய்தவர் யார் என்பதை இப்போது நீங்களே கூறுங்கள்.

நாய் ஏவாத நகரம்

இனி, கதையின் உச்சமாகக் கூறப்படும் பர்மிங்ஹாம் நகருக்கு வருவோம். ஆயின் அங்குச் செல்லுமுன், எவரும் பேசாத ஆல்பனி என்னும் ஊரில் நாம் சற்றே தங்குதல் வேண்டும்.

ஜார்ஜியா மாநிலத்து ஆல்பனி நகரில் நிற ஒதுக்கலை எதிர்த்து 1961 நவம்பரில் இயக்கம் தொடங்கியது. டாக்டர் மார்ட்டின் லூதர் கிங் டிசம்பரில் வந்து சேர்ந்தார். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் சிறை புகுந்தனர். அந்நகரின் காவல்துறைத் தலைவர் லாரி பிரிட்செட் என்பவர் சூழ்ச்சித்திறன் மிக்கவர். காந்தியடிகளின் வழியைப் பின்பற்றிய கிங்கின் போராட்ட முறையை அவர் முன்னரே கற்று வைத்திருந்தார். பொதுமக்கள் பார்க்கத் தம் காவலர் எவரையும் அடிக்கக் கூடாதெனக் கட்டளையிட்டார். கைது செய்யப்பட்டோரை அடைக்கச் சுற்றுவட்டாரச் சிறைகளிலெல்லாம் இடம் தேடி வைத்தார். செய்தியாளர்முன் பணிவோடு நடந்துகொண்டார். விளைவு என்ன? அவரைக் கண்ணியமான காவலர் எனப் பாராட்டிய ஏடுகள் உண்டு. நிற ஒதுக்கல் ஒரு நூலிழையும் குறையவில்லை. 1962 ஆகஸ்டில் கிங் வெறுங்கையோடு ஆல்பனியை விட்டு வெளியேறினார். அவ்வாண்டு ஜூலையில், அயல் வட்டாரச் சிறையில் அடைக்கப்பட்டிருந்தோரைப் பார்க்கச் சென்ற கருவுற்ற பெண்ணொருத்தி காவலரால் தாக்கப்பட்டு, வயிற்றிலிருந்த குழவியை இழந்தாள். அங்கே நிழற்படக் கருவி இல்லை.

ஆல்பனியின் சட்டம் பர்மிங்ஹாமின் சட்டத்தினும் நேரியதன்று. அங்கும் கறுப்பினத்தான் அதே தாழ்ந்த கதவு வழியாகவே நுழைய வேண்டியிருந்தது. வேறுபாடு ஒன்றே: ஆல்பனியின் கொடுமை அமைதியாக நடந்தது. அமைதியான கொடுமை செய்தியாவதில்லை. இதழ்கள் வன்செயலைக் காண்பனவே தவிர, அநீதியைக் காண்பன அல்ல என்பதை இயக்கத்தினர் அங்கே கசப்போடு கற்றுக்கொண்டனர்.

அப்பாடத்தோடுதான் 1963இல் அவர்கள் பர்மிங்ஹாம் சென்றனர். அங்கே காவல்துறைக்குப் பொறுப்பாளராக இருந்த 'புல்' கானர் முன்கோபி. அடக்கி வைக்கத் தெரியாதவர். அதை அறிந்தே இயக்கத்தினர் அந்நகரைத் தேர்ந்தனர். ஏப்ரலில் தொடங்கிய போராட்டம் முதலில் இதழ்களின் ஆதரவைப் பெறவில்லை. கிங் காலமறியாமல் கலகம் செய்கிறார் என்றே பலர் எழுதினர். மே 2ஆம் நாள் பள்ளிச் சிறுவர் ஊர்வலம் புறப்பட்டது. நூற்றுக்கணக்கான பிள்ளைகள் கைதாயினர். மறுநாள் கானரின் ஆட்கள் தீயணைப்புக் குழாய்களைத் திறந்தனர்; நாய்களை அவிழ்த்துவிட்டனர். பிள்ளைகளை முன்னிறுத்துவதா என்று வெளியார் பலர் கண்டித்தனர். அக்கண்டனத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் நான் கேட்பது வேறு. பெரியவர்கள் ஒரு மாதம் சிறை சென்றபோது திரும்பிப் பாராத இதழ்கள், பிள்ளைகள் நீரில் அடித்துச் செல்லப்பட்டபோதுதானே ஓடிவந்தன? பிள்ளைகளை வீதிக்கு இறக்கியதில் இதழ்களின் அலட்சியத்துக்கும் பங்கு உண்டு என்பதை யார் எழுதினார்கள்?

அப்போது எடுக்கப்பட்ட படங்களுள் நாய் ஓர் இளைஞனின் வயிற்றை நோக்கிப் பாய்வதைக் காட்டும் படம் உலகப் புகழ் பெற்றது. அவ்விளைஞன் ஊர்வலத்தில் கலந்துகொண்டவனே அல்லன். வேடிக்கை பார்க்க வந்தவன். அடிபட்டு ஒடுங்கி நிற்கும் கறுப்பினத்தவரைக் காட்டிய படங்களையே வெள்ளையர் ஏடுகள் விரும்பி வெளியிட்டன. திட்டமிட்டு எதிர்த்து நிற்கும் கறுப்பினத்தவரைக் காட்டத் தயங்கின என்று மார்ட்டின் பெர்ஜர் என்னும் கலை வரலாற்றாசிரியர் 2011இல் எழுதிய நூலில் எடுத்துக்காட்டியுள்ளார். இரக்கம் கொள்வது எளிது. அவன் நமக்குச் சமமானவன் என ஏற்பது கடினம். இதழ்கள் எளியதைத் தேர்ந்தன.

உலகம் முழுதும் முதற்பக்கத்தில் வந்த அச்செய்தியை, உள்ளூர் நாளேடாகிய 'பர்மிங்ஹாம் நியூஸ்' உட்பக்கங்களில் ஒடுக்கியது. அதன் நிழற்படக்காரர்கள் எடுத்த படங்கள் பல அச்சேறாமலே கிடந்தன. நாற்பதாண்டுகளுக்கு மேல் கழிந்தபின், விற்காமல் பத்திரப்படுத்துக என்று எழுதப்பட்ட பெட்டியொன்றை அவ்வேட்டில் பயிற்சிபெற வந்த மாணவர் ஒருவர் கண்டெடுத்தார். உள்ளே ஆயிரக்கணக்கான படச்சுருள்கள் இருந்தன. அவற்றுள் சில 2006 பிப்ரவரியில் முதன்முறையாக வெளியாயின. கண்ணாடி தான் கண்டதைப் பெட்டியில் பூட்டி வைப்பதில்லை, அன்பர்களே.

எண்ணிய உயிரும் எண்ணாத உயிரும்

1964 கோடையில் வாக்குரிமைப் பணிக்காக மிசிசிப்பி சென்ற இளைஞர் மூவர் ஜூன் 21ஆம் நாள் காணாமற் போயினர். அவருள் இருவர் வெள்ளையர், ஒருவர் கறுப்பினத்தவர். நாடே பதறியது. கடற்படையினரும் தேடினர். அத்தேடலின் நடுவே, ஜூலையில், மே மாதத்திலேயே கொல்லப்பட்ட கறுப்பின இளைஞர் இருவரின் உடல்கள் ஆற்றிலிருந்து கிடைத்தன. தேடியவர்கள் அவர்கள் அல்லர் என்று தெரிந்ததும் செய்தியாளர் கவனம் வேறு பக்கம் திரும்பியது. காணாமற் போனவருள் வெள்ளையர் இல்லாதிருந்தால் இத்தனை பரபரப்பு எழுந்திராது என்று, அம்மூவருள் ஒருவரின் மனைவியாகிய வெள்ளைப் பெண்மணியே அன்று செய்தியாளர்களிடம் வெளிப்படையாகக் கூறினார். அவர் கூற்றினும் வலிய சான்று வேறு வேண்டுமோ?

செல்மாவின் கதையை இன்னும் கூர்ந்து நோக்குதல் வேண்டும். 1965 பிப்ரவரி 18ஆம் நாள் இரவு. செல்மாவுக்கு அருகிலுள்ள மேரியன் என்னும் சிற்றூர். தேவாலயத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலத்தைக் காவலர் மறித்தனர். தெருவிளக்குகள் அணைந்தன. காவலரும் கும்பலும் முதலில் தாக்கியது செய்தியாளர்களை. படக்கருவிகள் உடைக்கப்பட்டன, அவற்றின்மீது வண்ணம் பீய்ச்சப்பட்டது, தொலைக்காட்சிச் செய்தியாளர் ஒருவர் மண்டை உடைபட்டு வீழ்ந்தார். அதன்பின் இருளில் அடி தொடங்கியது. உணவுக்கடை ஒன்றுக்குள் ஒதுங்கிய தன் தாயையும் பாட்டனாரையும் காக்க முயன்ற ஜிம்மி லீ ஜாக்சன் என்னும் 26 வயது இளைஞரை மாநிலக் காவலன் ஒருவன் வயிற்றில் சுட்டான். எட்டு நாள் கழித்து அவர் மருத்துவமனையில் உயிர் துறந்தார். அவ்விரவின் கொடுமையைக் காட்டும் படம் ஒன்றும் இல்லை.

அந்த இறப்பின் துயரிலிருந்துதான் தலைநகர் மாண்ட்கமரி நோக்கி நடப்போம் என்ற எண்ணம் பிறந்தது. மார்ச் 7ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை செல்மாவின் பாலத்தில் நடந்தவர்கள் அவருக்காக நடந்தவர்கள். அங்கே படக்கருவிகள் இருந்தன. நாஜிகளின் குற்றங்களை விசாரித்த நூரம்பெர்க் நீதிமன்றம் பற்றிய திரைப்படத்தை அன்றிரவு ஒளிபரப்பிக்கொண்டிருந்த ஏ.பி.சி. தொலைக்காட்சி, அதனை இடைநிறுத்தி அடிதடிக் காட்சியைக் காட்டியது. பல கோடிப் பேர் பார்த்தனர். ஆகஸ்டு 6ஆம் நாள் வாக்குரிமைச் சட்டம் நிறைவேறியது. நாம் போற்றும் அந்தப் படத்தின் வேரில், படமே எடுக்கப்படாத ஓர் இறப்பு இருக்கிறது. மரத்தைப் பாடும் நாம் வேரை மறக்கலாமா?

மார்ச் 9ஆம் நாள் செல்மாவில் தாக்கப்பட்ட வெள்ளைப் பாதிரியார் ஜேம்ஸ் ரீப் இரு நாட்களில் இறந்தார். அவர் நல்லவர்; அவர் ஈகம் பெரிது. அவருடைய மனைவிக்குக் குடியரசுத் தலைவர் ஜான்சன் ஆறுதல் கூறினார். மார்ச் 15ஆம் நாள் நாடாளுமன்றத்தில் ஆற்றிய புகழ்பெற்ற உரையில் அவர் மரணத்தைக் குறிப்பிட்டார். ஜாக்சனைக் குறிப்பிடவில்லை. ஜாக்சனைச் சுட்ட காவலன் 2005இல் ஒரு செய்தியாளரிடம் வாய்திறந்து பேசிய பின்னரே வழக்கு உயிர்பெற்றது. 2010இல் அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆறு மாதத் தண்டனை பெற்றான். செய்தியாளரால் நீதி கிடைத்தது என்பீர்களாயின், நான் மறுக்கமாட்டேன். அது நாற்பதாண்டுகள் பிந்தி வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

1968 பிப்ரவரி 8ஆம் நாள், தென் கரோலினா மாநிலத்து ஆரஞ்ச்பர்க் நகரில், கறுப்பின மாணவர் பயிலும் கல்லூரி வளாகத்தில் காவலர் சுட்டு மூவர் இறந்தனர். கைக்கருவி ஏதுமின்றி நின்ற மாணவர் காவலரோடு துப்பாக்கிச் சண்டையிட்டதாக முதற்செய்தி பரவியது. 1970 மே 4ஆம் நாள் ஒஹாயோ மாநிலத்துக் கென்ட் பல்கலைக்கழகத்தில் வெள்ளை மாணவர் நால்வர் சுடப்பட்டு இறந்தனர். அப்படம் உலகெங்கும் பரவிப் பரிசும் பெற்றது. பதினொரு நாள் கழித்து மிசிசிப்பியின் ஜாக்சன் கல்லூரியில் கறுப்பின இளைஞர் இருவர் அவ்வாறே இறந்தனர். இம்மூன்று இடங்களுள் நீங்கள் முன்னரே கேள்வியுற்றது எது என்று உங்கள் நெஞ்சையே கேட்டுப் பாருங்கள்.

இதற்கு ஒரு காரணம், செய்தி அறையில் அமர்ந்தவர் யார் என்பது. அரசு அமைத்த கெர்னர் ஆணையம் 1968இல் அதனை எண்ணிக்கையோடு கூறிற்று. செய்தித்துறையின் ஆசிரியப் பணிகளில் கறுப்பினத்தவர் நூற்றுக்கு ஐவரினும் குறைவு. மேற்பொறுப்பில் இருந்தோர் நூற்றுக்கு ஒருவரும் இல்லை. வெள்ளை மனிதனின் உலகிலிருந்து பார்த்தே ஏடுகள் எழுதுகின்றன என்று அவ்வாணையம் குற்றஞ்சாட்டியது.

படம் தானே பேசுமா?

இன்று எல்லோர் கையிலும் படக்கருவி இருக்கிறது, இனிக் கொடுமை மறையாது என்று இளைஞர் கூறக் கேட்கின்றேன். 1991 மார்ச் 3ஆம் நாள் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ராட்னி கிங் என்பவரைக் காவலர் சூழ்ந்து அடித்ததை அண்டை வீட்டார் ஒருவர் படம் பிடித்தார். உலகமே அதைப் பார்த்தது. வழக்கு மன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்குரைஞர்கள் அதே படத்தைத் துண்டு துண்டாக நிறுத்திக் காட்டி, ஒவ்வோர் அடிக்கும் ஒரு நியாயம் கற்பித்தனர். 1992 ஏப்ரல் 29ஆம் நாள் மாநில நீதிமன்றத்து ஜூரிகள் அக்காவலரைத் தண்டிக்கவில்லை. அதனைத் தொடர்ந்த கலவரத்தில் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. படம் கண்ணுக்குத் தெரிந்தது, நெஞ்சுக்குத் தெரியவில்லை.

2020 மே 25ஆம் நாள் மின்னியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் இறந்தபோது, மருத்துவக் கோளாறால் ஒருவர் இறந்தார் என்ற பொருள்படவே காவல்துறையின் முதல் அறிக்கை வெளிவந்தது. அதைப் பொய்யாக்கியது எந்த நாளேடும் அன்று. தெருவோரம் நின்ற பதினேழு வயதுப் பெண்ணின் கைப்பேசி. காவலன் தண்டிக்கப்பட்டான், அப்பெண்ணுக்குப் புலிட்சர் சிறப்புப் பாராட்டும் கிடைத்தது. ஆயின் காவல்துறையைச் சீர்திருத்த அவர் பெயரால் கொண்டுவரப்பட்ட சட்டம் 2021இல் கீழவையில் நிறைவேறி, மேலவையில் நின்றுபோயிற்று. ஒருவன் தண்டனை பெற்றான். முறை அப்படியே இருந்தது. இதையா நாம் சமுதாய மாற்றம் என்று எழுதுகின்றோம்?

அப்படியானால் இதழ்களால் பயனே இல்லையா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கறுப்பின மக்களின் நிலை நாடெங்கும் தெரியவந்தாலே மாற்றம் தொடங்கும் என்று ஸ்வீடன் நாட்டு அறிஞர் குன்னர் மிர்டால் 1944இலேயே எழுதினார். செல்மா பாலத்தில் மண்டை பிளக்க அடிபட்ட ஜான் லூயிஸ், செய்தித்துறை இல்லையேல் எங்கள் இயக்கம் சிறகில்லாப் பறவையாகியிருக்கும் என்று பிற்காலத்தில் கூறினார். தென்மாநிலங்களில் உயிரைப் பொருட்படுத்தாது உண்மை எழுதிய வெள்ளைச் செய்தியாளரும் இருந்தனர். மேரியனில் அடிபட்டவரும் அவருள் ஒருவர். அவர்களை நான் இகழேன். லூயிஸ் கூறியதையே நான் எண்ணிப் பார்க்கச் சொல்கின்றேன். சிறகு தேவைதான். ஆயின் எங்கே பறப்பதென முடிவு செய்வது பறவை. நாம் நம் கட்டுரைகளில் சிறகைப் பாடிவிட்டுப் பறவையை மறந்துவிட்டோம்.

இம்மறதிக்கு விலை உண்டு. வாக்குரிமைச் சட்டத்தின் உயிர்நாடியான பகுதியை 2013இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செயலிழக்கச் செய்தது. அன்று நாய் பாயவில்லை, தடியடி இல்லை, குருதி சிந்தவில்லை. செல்மாவில் பெற்றதன் பெரும்பகுதி அமைதியாகக் கைநழுவியது. ஆல்பனியின் பாடம் ஐம்பதாண்டுகளுக்குப் பின் மீண்டும் மெய்யாயிற்று. படத்தைக் கண்டு மட்டுமே விழிக்கப் பழகிய மனச்சான்று, படமில்லாத அநீதியின்போது உறங்கிவிடும்.

தமிழாசிரியப் பெருமக்களுக்கு என் வேண்டுகோள் இது. எதனை எவர் கூறக் கேட்பினும் அதன் உண்மையைத் தேர்ந்தறிய வேண்டும் என்று வள்ளுவர் நமக்கு அறிவுறுத்தினார். செய்தித்தாளை வகுப்பில் விரிக்கும்பொழுது, அதில் என்ன இருக்கிறது என்று மட்டும் கேளாதீர்கள். இப்படம் எடுக்கப்படுமுன் எத்தனை நாள் இக்கொடுமை நடந்தது, இறந்தவருள் பெயர் சொல்லப்படாதவர் யார், முதற்செய்தியைத் தந்தவர் எவர், செய்தியாளர் சென்றபின் அவ்வூரில் என்ன மாறியது என்றும் கேட்கச் செய்யுங்கள். மாணவச் செல்வங்களே, படம் வராத இடத்தைப் பற்றி எழுதப் பழகுங்கள். ஐடா வெல்ஸ் அதைத்தான் செய்தார்.

அடுத்த ஆண்டும் 'செய்தித்தாள் வாசிப்பதன் நன்மைகள்' என்ற தலைப்பு வரும். அதனைக் கரும்பலகையில் எழுதும் ஆசிரியர், அதன் கீழே மேரியன் என்னும் ஊர்ப்பெயரையும் எழுதட்டும். அவ்வூரில் அவ்விரவில் விளக்கு அணைந்த பின் நடந்ததைச் சொல்லட்டும். அதன்பின் மாணவர் எழுதுகோலை எடுக்கட்டும்.